நின்றுகொண்டே இருந்ததற்கு ஒரு பாராட்டு

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. தமிழ் எழுதப் படிக்க வரும். இங்கிலீஷில் பஸ் போர்டு, மாத்திரை அட்டை என்று எழுத்துக் கூட்டிப் படிப்பதோடு சரி. தெரியாத மொழியின் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனால் அந்த மொழியில் ஒரே ஒரு சொல்லைக் கேட்டால் மட்டும் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. அப்ரிஷியேட்.

அது வசவு இல்லை, பாராட்டுகிற சொல்தான். அதனால்தான் கோபம் அதிகம். வைதால் திருப்பி வையலாம், அல்லது என்னைப் போல வாயை மூடிக்கொண்டு வந்து வீட்டில் புலம்பலாம். பாராட்டினால் என்ன செய்வது? கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு ரூம்பாய் வேலை. வயது ஐம்பதை நெருங்குகிறது, தலை நரைத்துவிட்டது, இன்னும் பாய்தான். எனக்குக் கூச்சம் அதிகம். ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. இந்த வேலையில் பேச வேண்டியதில்லை. ஆட்கள் அருவிக்குப் போன பிறகு அறைக்குள் போய் விரிப்பை மாற்றி, குளியலறையைக் கழுவி, அவர்கள் ஈரத்தோடு திரும்பும் முன் வெளியே வந்துவிடலாம். சீசன் நாளில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து அப்படியே வெள்ளை விரிப்பில் படுத்துவிடுவார்கள். அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் முழுசாகப் போகாது. அதைத் துவைத்து மாடியில் காயப்போட்டால் சாரல் வந்து மறுபடி நனைக்கும். இதற்கெல்லாம் நான் யாரையும் குறை சொன்னதில்லை.

அறையைக் காலி செய்யும்போது அவர்களில் சிலர் என்னைத் தேடி வந்து, "உங்க சர்வீஸை ரொம்ப அப்ரிஷியேட் பண்றோம்" என்பார்கள். சொல்லிவிட்டு காரில் ஏறிவிடுவார்கள். அவர்கள் கிளம்பும்போது மட்டுமே அந்தச் சொல் வந்ததால், போய்விட்டு வருகிறோம் என்பதற்குத்தான் இங்கிலீஷில் அப்படிச் சொல்கிறார்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். நானும் தலையை ஆட்டி, சரிங்க, பார்த்துப் போங்க என்பேன்.

அந்தச் சொல் என் வீட்டுக்குள் வந்தது என் மனைவி வழியாக.

அவள் தென்காசியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் துண்டு, போர்வை, படுக்கை விரிப்பு விற்கிற பகுதி அவளுடையது. காலையில் கடை திறப்பதிலிருந்து இரவு ஷட்டர் இறங்குகிற வரைக்கும் நிற்க வேண்டும். சாப்பிடப் போகிற நேரம் தவிர உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அலமாரியில் சாய்ந்தால்கூட மேலே இருக்கிற கேமரா பார்த்துவிடும். ஃப்ளோர் மேனேஜர் மைக்கில் பகுதியின் பெயரைச் சொல்லி, நேரா நில்லுங்க என்பார். கடை முழுக்கக் கேட்கும். துணி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நின்று நின்று அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே பச்சைக் கொடி படர்ந்த மாதிரி புடைத்து நின்றது. வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துக் கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். அப்படிக் கிடந்துகொண்டேதான் அன்றைக்குக் கடையில் நடந்ததைச் சொல்லுவாள். நான் சோறு வடிப்பேன். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா ஒரே விஷயம்தான் சொன்னார். தொடர்ந்து நிற்கக் கூடாது, இடையிடையே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும், வந்த புண் எளிதில் ஆறாது. மாத்திரை அதற்கப்புறம்தான்.

ஆக அவளுக்கு வேண்டியது ஒரு ஸ்டூல். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஸ்டூல் அங்கேயே இருந்தது. கடைகளில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதாக டி.வி.யில் சொன்னார்கள். அன்றைக்கு அவள் காலைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து அந்தச் செய்தியைப் பார்த்தாள். கொஞ்ச நாளில் கடையில் பகுதிக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். யாரோ அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் ஒவ்வொரு ஸ்டூலின் மேலும் சரக்குக் கட்டு ஏறியது. என் மனைவியின் ஸ்டூலில் குற்றாலத் துண்டுக் கட்டுகள் இரண்டு. சட்டப்படி ஸ்டூலும் இருந்தது, அதில் துண்டும் உட்கார்ந்திருந்தது, அவள் மட்டும் பக்கத்தில் நின்றாள்.

ஒருநாள் துணிந்து ஃப்ளோர் மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள். அவர் கெட்டவர் இல்லை, அவளைவிட இளையவர், மரியாதையாகப் பேசுகிறவர். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, ஆள் இல்லாத நேரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேனே என்று கேட்டதற்கு அவர் சொன்னாராம்:

"அக்கா, ஒங்க வேலைய மொதலாளி எவ்வளவு அப்ரிஷியேட் பண்ணுதாரு தெரியுமா?"

அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. வீட்டுக்கு வந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் சொன்னாள். "அப்ரிஷியேட் பண்ணுதாவளாம். ஸ்டூலு தந்துருவாவன்னு நெனைக்கேன்."

மறுநாள் எங்கள் லாட்ஜ் மேனேஜரிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். அவர் செங்கோட்டைக்காரர், படித்தவர், பேச்சில் பாதி மலையாளம் கலக்கும். அவர் ரிசப்ஷனில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். ஒருவர் செய்ததன் மதிப்பை உணர்ந்து பாராட்டினால் அந்தச் சொல். உதவிக்கு நன்றி சொல்லும்போதும் சில பேர் அதைத்தான் சொல்வார்கள். பாட்டை ரசித்துக் கேட்டாலும் அதுவே. அப்புறம் நிலத்துக்கும் உண்டு. குத்துக்கல்வலசையில் பிளாட் வாங்கிப் போட்டால் வருஷா வருஷம் விலை ஏறுகிறதே, அதற்கும் அதே சொல்தான்.

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுல ஸ்டூலு எங்க வருது?" என்று கேட்டேன்.

அவர் காலை ஆட்டுவதை நிறுத்தினார். "ஸ்டூல் வராது அண்ணாச்சி" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு முதல் கோபம் வந்தது. நிலம் சும்மா கிடந்தால் விலை ஏறுகிறது. அதற்கு வேலி போடுகிறார்கள், கல் ஊன்றுகிறார்கள், வாரத்துக்கு ஒருதரம் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். என் மனைவி நின்றால் காலில் வீக்கம்தான் ஏறுகிறது. நிலத்துக்குச் சொல்லும்போது மெய்யாகவே எதுவோ உயர்கிறது. ஆளுக்குச் சொல்லும்போது மட்டும் சொல் வாயிலிருந்து வந்ததோடு முடிந்துவிடுகிறது. இது என்ன நியாயம்?

எங்கள் பக்கத்தில் ஆளை நேருக்கு நேர் பாராட்டுகிற வழக்கம் அதிகம் கிடையாது. கண் பட்டுவிடும் என்று ஒரு பயம். ரசம் நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி ஊத்து என்போம். ஒருவர் கட்டிய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பரவால்ல என்று சொன்னால் அது பெரிய பட்டம். என் மனைவி என்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்கிற அதிகபட்ச நல்ல வார்த்தை, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு என்பதுதான். ஆனால் என் சட்டையில் பொத்தான் விழுந்தால் மறுநாள் காலைக்குள் அது தைத்திருக்கும். மதிப்பு என்பது அந்த மாதிரி ஏதாவது ஒரு வேலையாக வந்து சேரும் என்றுதான் நாங்கள் பழகியிருந்தோம். அதனால்தான் அவளும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஸ்டூல் வரும் என்று நம்பினாள்.

ஸ்டூல் வரவில்லை. கால் ஒருநாள் செருப்பு நுழையாத அளவுக்கு வீங்கியது. மறுபடி போய்க் கேட்டாள். இந்தத் தடவை ஃப்ளோர் மேனேஜர் முதலாளியிடமே பேசிவிட்டு வந்து, ஒரு நல்ல சேதி என்றார். கடையின் ஆண்டு விழாவில் அவளுக்குச் சிறந்த ஊழியர் என்று அப்ரிஷியேஷன் கொடுக்கப் போகிறார்கள், வீட்டு ஆளையும் கூட்டி வரச் சொன்னார்கள்.

லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். கல்யாண மண்டபத்தில் விழா. மேடையில் நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்திப் பின்னால் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். முதலாளி, அவர் வீட்டார், விருந்தாளிகள் எல்லாரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். பாராட்டு வாங்குகிறவர்களை மேடையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி இல்லை. என் மனைவி ஒரு காலில் பாரத்தை மாற்றி இன்னொரு காலில் நிற்பதை நான் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். அது முள்ளாகக் குத்தியது.

முதலாளி அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். அவருடைய குரலில் பொய் இல்லை. மனசாரத்தான் பேசினார்.

"இந்தம்மாவ நான் காலையில வரும்போதும் பாக்கேன், நிக்காவ. ராத்திரி போகும்போதும் பாக்கேன், நிக்காவ. இத்தன வருசத்துல அவுக ஒரு நாளு உக்காந்து நான் பாத்ததில்ல. இததான் நாம அப்ரிஷியேட் பண்ணணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டினார். என் கையும் தட்ட எழுந்தது. தட்டவில்லை. உட்காரவிடாமல் வைத்திருந்தவரே, உட்காரவில்லை என்று மெச்சுகிறார். கேட்ட பொருள் இல்லாததையே பரிசு ஆக்கிவிட்டார்கள். இதற்கு மேல் அவள் வாயைத் திறந்து ஸ்டூல் என்று எப்படிக் கேட்பாள்?

பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்ததும் ஒரு பெண் அதைத் தோளிலிருந்து எடுத்து மடித்து, அடுத்து நின்றவருக்குப் போர்த்தக் கொண்டுபோனாள். கடையின் சரக்குதானே, மறுபடி அலமாரிக்குப் போக வேண்டும். ஒரு கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவளுடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்கள். கைகூப்பி நிற்கிற முழுப் படம். படத்திலும் நிற்கத்தான் வைத்திருந்தார்கள். கீழே அந்த இங்கிலீஷ் சொல். மாடிப்படியை ஒட்டிய சுவரில், முதலாளியின் காலமான அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி காலியாக இருந்தது. அதில் மாட்டினார்கள். அவள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரே தெரியும். கடையில் அவளும் நிற்பாள், எதிரே அவள் படமும் நிற்கும்.

அந்தப் படம் பிறகு செய்த வேலையை என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றப் பகுதியில் நிற்கிற பெண்கள் யாராவது, மாதவிலக்கு நாள், வயிறு வலிக்கிறது, கொஞ்சம் உட்காருகிறேன் என்று கேட்டால், ஃப்ளோர் மேனேஜர் கையை நீட்டிப் படத்தைக் காட்டுவாராம். இவ்வளவு வயதில் அந்த அக்கா நிற்கவில்லையா என்பாராம். அந்தப் பெண்கள் இவளோடு சாப்பாட்டுப் பாத்திரம் மாற்றிச் சாப்பிடுகிறவர்கள். மெல்ல மெல்லப் பேச்சு குறைந்தது. அதில் ஒருத்தி நேராகவே சொல்லிவிட்டாள்:

"ஏக்கா, நீ படத்துலயாவது உக்காந்து போஸ் குடுத்திருக்கக் கூடாதா? அதக் காட்டி நாங்களும் உக்காந்திருப்போம்லா."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் காலைத் தூக்கி வைக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கால் வலிக்கது கூடப் பரவால்ல, மத்தவளுவ கால்வலிக்கும் நான்தான் காரணம்னு ஆகிப்போச்சே என்றாள். மறுநாள் போய், படத்தைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்டாள். ஃப்ளோர் மேனேஜர் அதிர்ந்துபோனார். முதலாளி மனசு கஷ்டப்படும், அப்ரிஷியேஷனைப் போய் யாராவது வேண்டாம் என்பார்களா என்றார். நன்றி கெட்டவள் என்று சொல்லவில்லை, பார்வையில் அது இருந்தது என்றாள்.

இப்படியே ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஊர்க் கடைகளில் அந்தப் பூஜை எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கடையைக் கழுவி, வாழை கட்டி, ஒருவர் கையில் சந்தனக் கிண்ணம், ஒருவர் கையில் குங்குமம், ஒருவர் கையில் பூப்பந்து என்று புறப்படுவார்கள். கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு விழும். பூட்டு, கத்தரிக்கோல், துணி அளக்கிற மீட்டர் கம்பி, கம்ப்யூட்டர், வெளியே நிற்கிற வண்டி. அன்றைக்கும் அப்படித்தான் போயிருக்கிறார்கள். சுவரில் சாமி படங்களுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு, முதலாளியின் அப்பா படத்துக்குப் போட்டு, அதே வரிசையில் அடுத்த படத்துக்கும் போட்டுவிட்டார்கள். நெற்றியில் சந்தனம், குங்குமம், சட்டத்தைச் சுற்றி ரோஜா மாலை. அப்பா படத்துக்கு மேலே எப்போதும் எரிகிற சின்னச் சிவப்பு பல்பு மாதிரி இதற்கும் ஒன்று எரியவிட்டார்கள். செய்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை. கை வரிசையில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

அவள் பார்த்துவிட்டு, எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அதுவும் ஒரு மரியாதைதானே அக்கா, பூ வாடினதும் எடுத்துவிடுவோம் என்றிருக்கிறார்கள். என்னிடம் அவள் அதைச் சொல்லவில்லை. நான் பயப்படுவேன் என்று விட்டிருக்கிறாள்.

பூஜை முடிந்த பிறகு ஒருநாள் பகலில் லாட்ஜ் மாடியில் விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இலஞ்சியில் இருக்கிற என் மனைவியின் சித்தி. எடுத்ததும் அழுகை.

"எய்யா மருமவனே, எம்புள்ளைக்கு என்னய்யா ஆச்சு? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே நீ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சித்தி என்று கேட்கிறேன், அவர் அழுகிறார். தீபாவளிக்குத் துணி எடுக்க அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். மகள் வேலை பார்க்கிற பகுதிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே வேறு ஒரு பெண் நிற்கிறாள். திரும்பினால் சுவரில் படம், மாலை, பொட்டு, சிவப்பு விளக்கு. அதற்கு மேல் யாரிடமும் கேட்கத் தெம்பில்லாமல் வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

காலையில் நான்தான் அவளைத் தென்காசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஆனாலும் நம் ஊரில் மாலை போட்ட படம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடையில் எங்கேயோ விழுந்துவிட்டாளோ, எனக்குச் சொல்வதற்கு முன்னால் படம் வைத்துவிட்டார்களோ என்று என்னென்னவோ ஓடியது. காலையில் போன ஆளுக்கு மத்தியானத்துக்குள் சட்டம் போட்ட படம் எப்படி வரும் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. ஏற்கெனவே ஒரு படம் அங்கே தொங்குகிறது என்பதும் நினைவுக்கு வரவில்லை. அவள் நம்பருக்கு அடித்தேன். அணைத்திருந்தது. வேலை நேரத்தில் எல்லார் போனையும் வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதும் மறந்துபோனது.

கீழே ஓடி வந்தவனை லாட்ஜ் மேனேஜர் பிடித்து நிறுத்தி விஷயத்தைக் கேட்டார். உடனே வண்டிச் சாவியை எடுத்தார். ஓட்டும்போது திரும்பித் திரும்பி, "பேடிக்கண்டா அண்ணாச்சி, பயப்படாதீங்க, ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மழை தூறியது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்தாறு கிலோமீட்டர் என் வாழ்க்கையில் எதிலும் சேராது.

கடை வாசலில் சித்தி உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி உள்ளே போனேன். படம் முதலில் தெரிந்தது. மாலை, பொட்டு, விளக்கு. அவர் சொன்னபடியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் மாடிப்படியில், தோளில் போர்வைக் கட்டைச் சுமந்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக என் மனைவி இறங்கி வந்தாள். மேலே குடோனுக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்திருக்கிறாள்.

"இங்க எதுக்கு வந்திய? நனைஞ்சு வேற இருக்கிய" என்றாள்.

பின்னாலேயே வந்த சித்தி அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தார். போர்வைக் கட்டு கீழே விழுந்தது. துணி பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கூடிவிட்டார்கள். சித்தி அழுகையும் சிரிப்புமாகப் படத்தைக் காட்டி நடந்ததை அவர்களுக்குச் சொல்ல, ஃப்ளோர் மேனேஜர் வேகமாக வந்தார்.

"பூசைக்குப் போட்டது அண்ணாச்சி, தப்பா எடுக்காதிய. கடையில எல்லாத்துக்கும் போட்டோம்லா, கத்திரிக்கோலுக்குக்கூடப் போட்டோம். இதுவும் ஒரு அப்ரிஷியேஷன்தான."

அந்தச் சொல் என் காதில் விழுந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கத்தரிக்கோல், மீட்டர் கம்பி, என் மனைவி. எல்லாம் ஒரே வரிசை. கத்தரிக்கோலையாவது வேலை முடிந்தால் படுக்க வைக்கிறார்கள்.

படம் உயரத்தில் இருந்தது. கை எட்டவில்லை. சுற்றிப் பார்த்தேன். அவள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அந்த ஸ்டூல் இருந்தது. அதன் மேல் துண்டுக் கட்டு. கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் வைத்தேன். இவ்வளவு கோபத்திலும் அதைச் சீராகத்தான் அடுக்கினேன், ரூம்பாய்க்குக் கை அப்படித்தான் போகும். ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டு ஏறினேன். எறங்குங்க அண்ணாச்சி, எறங்குங்க என்று கீழே குரல் கேட்டது. மாலையைக் கழற்றினேன். படத்தை ஆணியிலிருந்து எடுத்தேன். கடை முழுக்க என்னைப் பார்த்தது. அவ்வளவு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தது என் கல்யாணத்தன்றுதான். அன்றைக்கும் நான் தலையைக் குனிந்துதான் இருந்தேன்.

இறங்கி, ஸ்டூலைப் பழைய இடத்தில் போட்டேன். துண்டுக் கட்டை அதன் மேல் வைக்கவில்லை. ஃப்ளோர் மேனேஜரைப் பார்த்து, "அவ உக்காரட்டும்" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. அதுவும் வெளியே கேட்டதா என்று தெரியவில்லை.

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள், எனக்கு அது கேட்டது. உள்பாவாடைப் பகுதியில் நிற்கிற பெண், முன்பு போஸ் கொடுக்கக் கூடாதா என்று குத்தியவள், அருகில் வந்து மெல்ல, "ஏக்கா, கேமரா" என்றாள்.

"பாக்கட்டும்" என்றாள் இவள்.

சித்தி விடவில்லை. "நல்லாப் பாக்கட்டும்ட்டி. உசுரோட நிக்கவளுக்கு மாலை போடத் தெரியுது, உக்காரச் சொல்லத் தெரியலியாக்கும். எய்யா மேனேசரு, ஒங்க அம்மா படத்துக்கு இப்பமே மாலை போட்டு வச்சிருக்கியா நீ?"

கூடி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். தீபாவளிக் கூட்டம். அத்தனை வாடிக்கையாளர் நடுவில் அவர் பில் போடுகிற பக்கம் நகர்ந்துவிட்டார். மைக் அன்றைக்குப் பேசவில்லை. அதற்குள் ஒரு அம்மா, டபுள் கட்டிலுக்கு விரிப்பு இருக்கா என்று கேட்டார். என் மனைவி இருந்த இடத்திலிருந்தே திரும்பி அலமாரியிலிருந்து உருவி எடுத்து விரித்துக் காட்டினாள். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு போனார். உட்கார்ந்துகொண்டு விற்றதால் விரிப்பு ஒன்றும் குட்டையாகிவிடவில்லை.

பிறகு முதலாளி கூப்பிட்டுப் பேசினார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. தனக்கு மனவருத்தம் என்றும், எவ்வளவு மரியாதை செய்தும் புரிந்துகொள்ளவில்லையே என்றும் சொன்னாராம். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரிங்க அண்ணாச்சி, நான் போய் உக்காரட்டா என்று கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை ஸ்டூலில் துண்டுக் கட்டு ஏறியிருந்தது. இறக்கி வைத்தாள். அடுத்த நாளும் ஏறியிருந்தது, அடுத்த நாளும் இறக்கினாள். ஏற்றுகிற கை யாருடையது என்று தெரியாது, ஆனால் அது அலுத்துவிட்டது. இப்போது உள்பாவாடைப் பகுதியிலும் ஸ்டூல் காலியாக இருக்கிறது என்கிறாள். மற்ற பகுதிகளில் இன்னும் கட்டு இறங்கவில்லை. மைக் இன்னும் நேரா நில்லுங்க என்கிறது.

படம் எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. அதை மாட்டவும் மனம் வரவில்லை, உடைக்கவும் மனம் வரவில்லை. குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டேன்.

போன மாதம் கடையின் ஆண்டு விழா மறுபடி வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றினாள். செருப்பு இப்போதெல்லாம் சிக்காமல் கழல்கிறது. இந்த வருஷம் அவளுக்கு அப்ரிஷியேஷன் கிடையாது என்று ஃப்ளோர் மேனேஜர் அவள் ஸ்டூல் பக்கத்தில் வந்து, வருத்தத்தோடு சொன்னாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"உக்காந்துகிட்டே கேட்டுக்கிட்டேன். சரின்னேன்" என்றாள்.